கணினி விளையாட்டுக்குப் பழைய கிராஃபிக்ஸ் கார்டு வாங்குவதென்றால் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 (6 ஜிபி நினைவகம்) நல்லதா, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 (8 ஜிபி) நல்லதா?

580 வாங்குங்கள், ஆனால் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். உங்கள் திரை 1080பி (1920 × 1080 புள்ளிகள்) என்றும், கையில் உள்ள பணத்துக்குப் பழைய கார்டுதான் கிடைக்கும் என்றும் வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

என் தம்பி 1060 வைத்திருக்கிறான், நான் 580. இருவருக்கும் புராசசர் ஒன்றேதான். விளையாட்டு கார்டோடு பேச உதவும் மென்பொருள் டைரக்ட்எக்ஸ்; அதன் 11ஆம் பதிப்பில் ஓடும் பழைய விளையாட்டுகளில் அவன் என்னைவிட ஒரு படி முன்னால் நிற்பான். அதே வேலையைச் செய்யும் புதியவையான வல்கன், டைரக்ட்எக்ஸ் 12 என்று வந்துவிட்டால் நான் முந்திவிடுவேன். டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களின் தரத்தை) உயர்த்தி வைத்தால் அவனுடைய 6 ஜிபி நிரம்பி, காட்சி விட்டுவிட்டு ஓடும். எனக்கு 8 ஜிபி இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. 120 வாட்டில் ஓடும் கார்டு 185 வாட் கார்டைவிட மேல் என்று வாதிடுவோர் வருவார்கள். மின்சாரக் கணக்கில் அவர்கள் சொல்வது சரி. நான் பேசுவது விளையாட்டைப் பற்றி.

இந்தக் கார்டை வாங்கிய கதையைச் சொல்லியாக வேண்டும். முதலில் ஒருவரிடம் பார்க்கப் போனேன். பணம் கொடுக்கும் முன் அவருடைய கணினியிலேயே கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் நிரலைத் திறக்கச் சொன்னேன். ஷேடர் (கார்டில் கணக்கிடும் சிறு அலகு) எண்ணிக்கை 2048 என்று வந்தது. உண்மையான 580இல் 2304 இருக்க வேண்டும். 2048 என்பது அதற்குக் கீழ்ப்பட்ட 570 கார்டின் கணக்கு. 2018இல் சீனச் சந்தைக்காக 580 என்ற பெயரிலேயே இப்படி ஒன்றை வெளியிட்டார்கள். அது இன்று எல்லா இடத்திலும் சுற்றுகிறது. "பெட்டியில் 580 என்றுதானே போட்டிருக்கிறது?" என்று அவர் கோபப்பட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவரும் பெட்டியைப் பார்த்து வாங்கியவர்தான். எனக்குக் கோபமெல்லாம் பெயர் வைத்தவர்கள் மேல். 1060இலும் இதே வேலைதான்: 6 ஜிபி கார்டில் 1280 கோர் (என்விடியா ஷேடருக்கு வைத்த பெயர்), 3 ஜிபி கார்டில் 1152. நினைவகம் மட்டும்தான் குறைவு என்று எண்ணி வாங்கியவர்கள் எத்தனை பேரோ! ஒரே பெயரில் இரண்டு சரக்கை விற்பதை நியாயம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அடுத்துக் கிடைத்தது அசல் 2304. ஆனால் கிரிப்டோ சுரங்க வேலை (டிஜிட்டல் நாணயம் ஈட்ட ஓயாமல் கணக்குப் போடும் வேலை) பார்த்த கார்டு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற நாணயத்தில் அந்த வேலை நின்றதும் இப்படிப்பட்ட கார்டுகள் சந்தையில் வந்து குவிந்தன. இதில் நினைவகத்தின் வேகத்துக்காக, கார்டின் உள் மென்பொருளான பயாஸை மாற்றியிருந்தார்கள். விளையாட்டு நடுவிலேயே திரை கறுத்துவிடும். அசல் பயாஸை ஏற்றி, வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் பூசி, தேய்ந்த மின்விசிறி ஒன்றை மாற்றிய பிறகு ஒரு குறையும் இல்லை. சுரங்கக் கார்டைத் தொடவே கூடாது என்பது பலரின் அறிவுரை. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன், விசிறியையும் பயாஸையும் சோதித்துவிட்டு வாங்கலாம்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய கார்டைப் பற்றி யார் கேட்டாலும் "குப்பையை ஏன் வாங்குகிறாய், காசு சேர்த்துப் புதியதை வாங்கு" என்று பதில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்பவர் தன் நிலையைத் தெரிந்துகொண்டுதான் கேட்கிறார். அவருக்கு வேண்டியது வழி. இவர்கள் தருவது அவமானம்.

டிரைவர் (கார்டைக் கணினி இயக்க உதவும் மென்பொருள்) விஷயத்தில் இரண்டுக்குமே வயதாகிவிட்டது. 1060 வரிசைக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றது, இனிப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான். 580இன் டிரைவரையும் 2023இலேயே புதிய கார்டுகளுடையதிலிருந்து பிரித்துத் தனிக் கிளைக்குத் தள்ளிவிட்டார்கள். கதிர்த்தடம் (ray tracing, ஒளி செல்லும் பாதையைக் கணக்கிட்டு வரைவது) கட்டாயம் என்று கேட்கும் புதிய விளையாட்டுகள் இரண்டிலும் ஓடாது.

உங்கள் பவர் சப்ளையில் 580க்கு வேண்டிய 8 பின் மின் இணைப்பு இல்லையென்றாலோ, புராசசர் மிகப் பழையதாக இருந்து நீங்கள் ஆடுவதும் டைரக்ட்எக்ஸ் 11 விளையாட்டுகள்தான் என்றாலோ, 1060 வாங்குங்கள். 6 ஜிபி உள்ளதை மட்டும்.