சினிமாவில் வாய்ப்பு குறைந்ததால்தான் ராதிகா சீரியலுக்கு வந்தாரா?

அப்படிச் சுருக்கிவிட முடியாது. எம்.ஆர்.ராதாவின் மகளான ராதிகா, 1978-இல் பாரதிராஜாவின் ‘கிழக்கே போகும் ரயில்’ படத்தில் பாஞ்சாலியாக அறிமுகமானார். ரயிலின் கடைசிப் பெட்டியில் காதலன் எழுதி அனுப்பும் சேதிக்காகத் தண்டவாளத்தோரம் காத்து நிற்பாரே, அந்த முகம் இன்னும் மறக்கவில்லை.

1999-இல் சன் டிவியில் ‘சித்தி’ வந்தது. தயாரித்தது அவருடைய ராடான் நிறுவனமே. யாரோ கூப்பிட்டு வேஷம் கொடுக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை, முதலாளியாகவே வந்தார். ராத்திரி ‘கண்ணின் மணி’ பாட்டு கேட்டதும் எங்கள் வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவருவார்கள். பிறகு ‘அண்ணாமலை’, ‘செல்வி’. 2013-இல் தொடங்கிய ‘வாணி ராணி’யில் இரட்டை வேடம். சினிமாவையும் அவர் விடவில்லை.