அந்த வசனம் இல்லாவிட்டால் திரித்துவம் விழுந்துவிடுமா?

கேள்வி: எங்கள் வீட்டிலுள்ள பழைய திருப்புதல் வேதாகமத்தில் 1 யோவான் 5:7, "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்" என்று இருக்கிறது. புதிய மொழிபெயர்ப்புகளில் இது இல்லை. உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டி, "பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்னும் திரித்துவத்துக்கு இருந்த ஒரே ஆதாரத்தையும் நீங்களே நீக்கிவிட்டீர்கள்" என்கிறார். எங்கள் போதகரோ, புதிய மொழிபெயர்ப்புகளைத் தொடவே கூடாது, வேதத்திலிருந்து எடுத்துப்போடுகிறவர்களுக்கு என்ன நேரிடும் என்று வெளிப்படுத்தின விசேஷத்தில் எழுதியிருக்கிறது என்கிறார். நான் என்ன பதில் சொல்லட்டும், ஐயா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: சகோதரரே, உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் அவரிடம் ஒப்புக்கொள்ளுங்கள். பரலோகத்துச் சாட்சிகளைப் பற்றிய அந்த வாக்கியம் யோவானின் கையிலிருந்து வந்ததல்ல. நானும் அதை ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்து வளர்ந்தவன்தான். இதை எழுதுவது எனக்கு இலகுவாக இல்லை. ஆனாலும் உண்மை இதுதான்.

புதிய ஏற்பாடு முதலில் எழுதப்பட்ட கிரேக்க மொழியில் உள்ள, 4-ம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் அது இல்லை. பழைய சீரிய, கோப்து மொழிபெயர்ப்புகளிலும் இல்லை. புதிய ஏற்பாட்டின் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள், முழுமையானவையும் துண்டுகளுமாக, 5,000-க்கு மேல் இருக்கின்றன. அவற்றுள் இந்த வாக்கியம் உள்ளவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவையும் மிகப் பிற்காலத்தவை. சிலவற்றில் அது பின்னால் வந்த ஒருவரின் கையால் ஓரத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

அப்படியானால் அது எங்கிருந்து வந்தது? இலத்தீன் வழியாக வந்தது. யோவான் எழுதியது ஆவி, ஜலம், இரத்தம் என்னும் மூன்று சாட்சிகளைப் பற்றி மட்டுமே. வட ஆப்பிரிக்காவின் ஆயரான அகஸ்தீன் இந்த மூன்றையும் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் அடையாளங்களாக விளக்கினார். அவருக்கு முன்பே, 3-ம் நூற்றாண்டில், கார்த்தேஜின் ஆயர் சிப்ரியானின் எழுத்திலும் அத்தகைய வாசிப்பின் சாயல் தெரிகிறது. இது விளக்கமாக இருந்தவரை குற்றமில்லை. விளக்கம் வசனமாக மாறியதுதான் பிழை. ஒருவர் தம் பிரதியின் ஓரத்தில் குறிப்பு எழுதி வைக்கிறார். பின்னால் அதைப் பார்த்து எழுதுகிறவர், முன்னவர் விட்டுப்போன வரி போலிருக்கிறது என்று எண்ணி அதை உள்ளே சேர்த்துவிடுகிறார். கையால் எழுதிய காலத்தில் விட்டுப்போன வரிகளையும் ஓரத்தில்தான் எழுதினார்கள் என்பதால், இந்த மயக்கம் எளிதில் நேரக்கூடியதே. 4-ம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயின் நாட்டு இலத்தீன் எழுத்தில் அது வசனமாகவே மேற்கோள் காட்டப்படுகிறது; இடைக்கால இலத்தீன் வேதாகமங்களில் அது நிலைத்துவிட்டது.

டச்சு அறிஞர் எராஸ்முஸ் 1516-லும் 1519-லும் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது, எந்தக் கிரேக்கப் பிரதியிலும் அதைக் காணாததால் சேர்க்கவில்லை. கண்டனம் எழுந்தது. ஒரு பிரதியிலாவது கண்டிருந்தால் சேர்த்திருப்பேன் என்று அவர் பதில் சொன்னார். பிறகு ஒரு பிரதி கிடைத்தது; அது இன்று டப்ளின் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. கிரேக்கத்தில் இத்தகைய இடங்களில் பிதா, வார்த்தை, ஆவி ஆகிய பெயர்களுக்கு முன் ஒரு சிறுசொல் வரவேண்டும். அந்தப் பிரதியில் இந்த வரியில் அது இல்லை. இலத்தீனில் அப்படியொரு சொல்லே கிடையாது. ஆக, எழுதியவர் இலத்தீனைப் பார்த்துக் கிரேக்கத்தில் பெயர்த்திருக்கிறார். எராஸ்முஸுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. இருந்தும் தம்மேல் பழி வராதபடி 1522-ம் ஆண்டுப் பதிப்பில் அதைச் சேர்த்தார். அவர்வழி வந்த அச்சுப் பதிப்புகளிலிருந்து அது 1611-ம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்புக்குள் போயிற்று. நம் பழைய திருப்புதலும் இந்த இடத்தில் அந்த மரபையே பின்பற்றுகிறது.

இனி உங்கள் போதகர் சொன்னதற்கு வருகிறேன். வெளிப்படுத்தின விசேஷம் 22:19 எடுத்துப்போடுகிறவனை எச்சரிக்கிறது. ஆனால் அதற்கு முந்தின வசனம், "ஒருவன் இவைகளோடே எதையாகிலும் கூட்டினால்" என்று தொடங்குகிறது. இரண்டையும் சேர்த்து வாசிக்கிறவர், இந்த வாக்கியத்தைக் காப்பாற்ற அந்த எச்சரிக்கையைக் கையில் எடுக்க முடியாது. கூட்டப்பட்டதைக் கூட்டப்பட்டது என்று அறிந்து விலக்குவது வேதத்தைக் குறைப்பதாகாது. இது இக்காலத்தார் கண்டுபிடித்த துணிகரமும் அல்ல: மார்ட்டின் லுத்தர் 1522-ல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் இந்த வாக்கியம் இல்லை. வேதத்தை மதிக்காதவர் என்று லுத்தரை நம் போதகர்களில் யார் சொல்வார்கள்?

நண்பர் சொன்னதன் மறுபாதிதான், அதாவது "ஒரே ஆதாரம்" என்பதுதான், முழுத் தவறு. 325-ல் நிசேயாவில் கூடிய ஆயர்கள், குமாரன் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுவின் போதனையை மறுத்தார்கள். அந்த விசுவாசத்துக்காக அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். 381-ல் கான்ஸ்டான்டிநோபிளில் பரிசுத்த ஆவியைப் பற்றிய அறிக்கை விரிவாக்கப்பட்டது. இத்தனை ஆண்டுப் போராட்டத்தில் கிரேக்கத் திருச்சபைத் தலைவர்கள் ஒருவராவது இந்த வசனத்தை எடுத்துக்காட்டவில்லை. "இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்" என்று ஒரு வசனம் அவர்கள் கையில் இருந்திருந்தால், அதைக் காட்டாமல் இருந்திருப்பார்களா? அவர்களிடம் அது இல்லை. அது இல்லாமலேதான் திரித்துவ விசுவாசம் வேதத்திலிருந்து வரையறுக்கப்பட்டது. ஆகவே அந்த வாக்கியம் போனால் இந்த விசுவாசம் விழும் என்பது, பிள்ளை போனால் தகப்பன் பிறந்திருக்கவே முடியாது என்பதைப் போன்ற வாதம்.

அவர்கள் எதைக் காட்டினார்கள் என்று நண்பர் கேட்டால், யோவான் 1:1, யோவான் 20:28, மத்தேயு 28:19 என்று அடுக்கலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 1 கொரிந்தியர் 8-ம் அதிகாரத்தைத் திறந்து ஒரே வசனத்தில் நிற்பேன். அந்த நிருபம் ஏறக்குறைய 55-ம் ஆண்டில் எழுதப்பட்டது. சிலுவைக்குப் பின் ஏறக்குறைய கால் நூற்றாண்டுதான் ஆகியிருந்தது. கேள்வியோ நம் ஊரில் இன்றும் கேட்கப்படுவதுதான்: விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா? அதற்கு யூதனான பவுல், ஒவ்வொரு யூதனும் காலையிலும் மாலையிலும் சொல்லும் அறிக்கையை அடிப்படையாக எடுக்கிறார்: "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்" (உபாகமம் 6:4). தேவன், கர்த்தர், ஒருவர் என்னும் இந்த மூன்று சொற்களையும் வைத்துக்கொண்டு அவர் எழுதுகிறதைப் பாருங்கள். பிதாவாகிய ஒரே தேவன் நமக்குண்டு. இயேசுகிறிஸ்து என்னும் ஒரே கர்த்தரும் நமக்குண்டு. பிதாவாலே சகலமும் உண்டாயிருக்கிறது. குமாரன் மூலமாய்ச் சகலமும் உண்டாயிருக்கிறது. இரண்டு தேவர்களைச் சொல்ல அவர் முன்வரவில்லை. "ஒருவரேயன்றி வேறொரு தேவன் இல்லை" என்று நான்காம் வசனத்தில்தான் சொல்லி முடித்திருக்கிறார். படைக்கப்பட்டவைகளின் பக்கத்திலும் அவர் இயேசுவை வைக்கவில்லை. ஒரே தேவனைப் பற்றிய அந்த அறிக்கைக்குள்ளேயே வைக்கிறார். இந்த வசனத்தை யாரும் ஓரத்திலிருந்து உள்ளே கொண்டுவரவில்லை. எந்த மொழிபெயர்ப்பை எடுத்தாலும் இது இருக்கிறது. ஆவியானவரைக் குறித்து அப்போஸ்தலர் 5:3, 4-ஐயும் 2 கொரிந்தியர் 13:14-ஐயும் சேர்த்து வாசியுங்கள்.

சேர்க்கப்பட்ட வாக்கியத்தால் நமக்கு உண்டான நஷ்டம் ஒன்றும் இருக்கிறது. யோவான் அங்கே சொல்லவந்ததை அது மறைத்துவிட்டது. கிறிஸ்து ஞானஸ்நானத்தில் இயேசுவின்மேல் இறங்கி, சிலுவைக்கு முன் விலகிப்போனார் என்று போதித்தவர்கள் அக்காலத்தில் இருந்தார்கள். அத்தகைய போதனைக்கு நேர் எதிராக, "ஜலத்தினாலே மாத்திரமல்ல, ஜலத்தினாலும் இரத்தத்தினாலும் வந்தவர்" என்று ஆறாம் வசனம் சொல்கிறது. யோர்தானில் நின்றவரே கல்வாரியில் இரத்தம் சிந்தினார்; ஆவியானவர் அதற்குச் சாட்சி. இதை எத்தனை பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம்?

யோபு தன் நண்பர்களிடம், "நீங்கள் தேவனுக்காக நியாயக்கேடாய்ப் பேசி, அவருக்காக வஞ்சகமாய் வசனிக்கவேண்டுமோ?" என்று கேட்டான் (யோபு 13:7). நல்ல விசுவாசத்துக்குத் தவறான ஆதாரத்தைத் தெரிந்தே காட்டுகிற ஒவ்வொருவரையும் பார்த்துக் கேட்கப்பட்ட கேள்வி அது. உங்கள் போதகர் தெரிந்தே சொன்னார் என்று நான் எண்ணவில்லை. இந்த இதழைப் பணிவோடு அவரிடம் கொடுங்கள்; மறுத்து எழுதினால், இதே பக்கத்தில் முழுவதும் வெளியிடுவேன். நண்பரிடம் 1 கொரிந்தியர் 8:4 முதல் 6 வரை வாசித்துக் காட்டி, "கர்த்தர்" என்ற சொல்லை இங்கே பவுல் யாருக்குக் கொடுக்கிறார் என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும்வரை பொறுத்திருங்கள். வீட்டிலுள்ள பழைய வேதாகமத்தையும் ஒதுக்கிவிட வேண்டாம். 1 யோவான் 5:7-க்குப் பக்கத்தில், இது பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை என்று பென்சிலால் எழுதிவைத்து, ஆறாம் வசனத்தை அடிக்கோடிட்டு, தொடர்ந்து அதிலேயே வாசியுங்கள்.