தகுதி இருந்தும் வேலை விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்படுகிறது?

படிப்பும் அனுபவமும் சரியாக இருந்தும் நேர்காணலுக்கே அழைப்பு வராமல் போவதற்கு ஒரு காரணம் முதல்கட்டப் பரிசீலனை. கேட்ட சான்றிதழ், கேட்ட படிவம், கையெழுத்து, கடைசித் தேதி இவை சரியா என்று மட்டும் பார்க்கும் கட்டம் அது. திறமையை அங்கே யாரும் எடைபோடுவதில்லை.

ஏன் இவ்வளவு கறார்? ஒருவருக்கு விதியைத் தளர்த்தினால், சரியாக அனுப்பிய மற்றவர்களுக்கு அநியாயம். நாளைய தேதி டிக்கெட்டோடு காட்பாடியில் இன்றைய ரயிலில் ஏறினால்? காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்தான், ஆனாலும் இந்த ரயிலுக்குச் செல்லாது.

நம் வேலூர்ப் பக்கத்தில் இன்னொரு சிக்கல், மாவட்டப் பெயர். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டம். பழைய சான்றிதழைப் பார்த்து ‘வேலூர்’ என்றே எழுதிவிடாதீர்கள். அங்கன்வாடி போல உள்ளூர்க்காரர்களை எடுக்கும் வேலைகளுக்கு முகவரி ரொம்ப முக்கியம். தயவுசெய்து அறிவிப்பைக் கடைசி வரி வரை படித்துவிட்டு எழுதுங்கள்.

அப்புறம், ஒருமுறை நிராகரித்தால் அந்த அலுவலகத்துக்கு இனி விண்ணப்பிக்கவே முடியாது என்று சிலர் நம்புகிறார்கள். பொய்த் தகவல் எதுவும் தராதவரை, அந்த நிராகரிப்பு அந்த ஓர் அறிவிப்புக்கு மட்டும்தான்.