மொட்டைத் தூண் சிலுவையா? அடியைப் பாருங்கள்

கேள்வி: இங்கிலாந்தில், கிளாஸ்டர்ஷர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். இங்குள்ள பங்குக் கோயில் வளாகத்தில் கல்லறைகளுக்கு நடுவே நாலைந்து படிகள், மேலே ஒரு மொட்டைத் தூண், உச்சியில் சூரியக் கடிகாரம். இது பழைய கற்சிலுவையா? பாசியைத் தேய்த்துக் கழுவலாமா?

பதில்: பெரும்பாலும் சிலுவைதான். ஆனால் உச்சியை விட்டுவிட்டு அடியைப் பாருங்கள். தூண் செருகியிருக்கும் பெரிய கல் கீழே சதுரமாகவும், மூலைகளைச் செதுக்கி மேலே எட்டுப்பட்டையாகவும் இருக்கிறதா? தூணும் அடியில் சதுரமாகத் தொடங்கி, எட்டுப்பட்டையாக மாறி, போகப்போக ஒடுங்குகிறதா? இரண்டும் சேரும் இடத்தில் சாம்பல் கோடு தெரிந்தால் அது உருக்கி ஊற்றிய ஈயம். இதெல்லாம் இருந்தால் 14, 15ஆம் நூற்றாண்டு வேலையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கோயிலுக்குத் தெற்கே, வாசலை ஒட்டி நின்றால் இன்னும் நம்பலாம். அந்தக் காலத்தில் குருத்தோலை ஞாயிறு பவனி இங்கேதான் நின்று போகும். ஹெரஃபோர்ட்ஷரில் சில சிலுவைகளின் பீடக்கல்லில் சின்ன மாடமே உண்டு.

தூணின் உச்சியில் இருந்த சிலுவைத் தலை எங்கே போயிற்று? 1643இல் நாடாளுமன்றம், கோயில்களிலும் வளாகங்களிலும் இருந்த சிலுவைகளை அகற்றச் சொல்லி ஆணையிட்டது. உருவம் இருந்த தலைப்பகுதிக்குத்தான் முதல் அடி. எஞ்சிய தூணின்மேல் பிற்காலத்தில் பல ஊர்களில் சூரியக் கடிகாரம் ஏறியது. தப்பியவை அபூர்வம்: லிங்கன்ஷரின் சோமர்ஸ்பியில் ஒரு முகத்தில் சிலுவையில் இயேசு, மறுமுகத்தில் குழந்தையோடு மரியாள், இன்றும் அப்படியே. உங்கள் மாவட்டத்து ஆம்ப்னி குரூசிஸ் ஊரில் கோயில் சுவருக்குள் மறைத்து வைத்திருந்த தலை 19ஆம் நூற்றாண்டில் கிடைத்து, திரும்பத் தூணில் ஏறியது. அதனால் உங்கள் கோயிலுக்குள் மூலையில் கிடக்கும் உடைந்த சிற்பக்கல்லையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கழுவுவதா? தயவுசெய்து வேண்டாம். அது பாசி மட்டுமல்ல, பெரும்பகுதி லைக்கன். பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து, கல்லில் ஒட்டி மிக மெதுவாக வளரும் உயிர். உங்கள் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் மென்மையானது. கம்பி பிரஷ், பிளீச், பிரஷர் வாஷர் எது பட்டாலும் அறுநூறு வருடச் செதுக்கலும் கூடவே உரிந்து வரும். விரிசலில் சிமென்ட் பூசுவது அதைவிட மோசம். ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லே உதிரும்.

எந்த வேலைக்கும் மறைமாவட்ட அனுமதி வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்சின்னமாக இருந்தால் அரசு அனுமதி இல்லாமல் கை வைப்பது குற்றம். தொல்சின்னங்களைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் இணையதளத்தில் ஊர்ப் பெயரைத் தட்டினால் இலவசமாகவே தெரிந்துவிடும். அப்புறம், மாலைச் சாய்வெயிலில் நான்கு பக்கமும் படமெடுத்துக் கோயில் பொறுப்பாளரிடம் கொடுங்கள். உச்சி வெயிலில் மறைந்துபோகும் உளித்தடம் அப்போது தெரியும்.