படகில் இந்தியா போகிறீர்களா? முதலில் அது எந்த நாட்டுப் படகு என்று பாருங்கள்

ஹட்டனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மச்சான் திருகோணமலையில் ஒரு வெள்ளைக்காரரிடம் பழைய பாய்மரப் படகு வாங்கியிருக்கிறார், இருவரும் அதில் இந்தியா போய்வர என்ன பதிவு, என்ன தாள்கள் வேண்டும் என்று. நானும் டிக்கோயாக்காரன்தான். காலியில், வெளிநாட்டுப் படகுகளுக்குத் துறைமுக வேலை முடித்துக் கொடுக்கும் ஏஜன்ட் ஒருவரிடம் சில வருடம் இருந்தேன்.

விசாவெல்லாம் அப்புறம். படகு இப்போது எந்த நாட்டில் பதிவாகி இருக்கிறது என்று மச்சானிடம் கேளுங்கள். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி ஒரு கலத்துக்கு ஒரு கொடிதான், அதாவது ஒரு நாட்டின் பதிவுதான். பழைய பதிவு ரத்தாகி, புதிய பதிவும் இல்லாமல் கிடந்தால் அது நாடற்ற கலம். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத திறந்த கடலில் எந்த நாட்டுப் போர்க்கப்பலும் அதை நிறுத்தி, ஏறிச் சோதிக்கலாம். நாடற்ற நிலை என்றால் என்ன என்று மலையகத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நம் தாத்தா பாட்டி பட்ட பாடு அதுதானே.

ஆகவே விற்பனைப் பத்திரம், பழைய பதிவை நீக்கிய சான்று, சுங்கத் தீர்வை கட்டிய ரசீது மூன்றையும் விற்றவர் நாட்டைவிட்டுப் போகுமுன் வாங்கிவிடுங்கள். அவர் போய்விட்டால் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டு அலைய வேண்டி வரும். இங்கே கப்பல் பதிவு, 1971ஆம் ஆண்டின் 52ஆம் இலக்க வணிகக் கப்பற்றொழில் சட்டத்தின் கீழ் கொழும்பில் நடக்கிறது. கடற்றொழில் திணைக்களத்தில் ஒரு நம்பர் எடுத்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது மீன்பிடிப் படகுக்கு. பாக்கு நீரிணையில் இரு பக்கத்து மீனவர்களும் கைதாகும் செய்தி ஓயாமல் வருகிறது. அந்தக் கடலில் அரைகுறைத் தாளோடு போவது ஆபத்து.

கிளம்பும் துறைமுகத்தில் சுங்கமும் குடிவரவும் முடித்து, போர்ட் கிளியரன்ஸ், அதாவது துறைமுகத்தைவிட்டுப் புறப்படும் அனுமதித் தாள், எடுக்க வேண்டும். அடுத்த துறைமுகத்தில் முதலில் கேட்பது அதைத்தான். ராமேஸ்வரம் கிட்டத்தில்தானே என்று அங்கே போய் ஒதுங்க முடியாது. மின்விசா என்றால் சென்னை, கொச்சி போன்ற குறிப்பிட்ட துறைமுகங்களில்தான் இறங்கலாம். போய்ச் சேர்ந்ததும், அதிகாரிகளின் அனுமதி கேட்கும் அடையாளமான மஞ்சள் கொடியை ஏற்றிவிட்டுப் படகிலேயே இருங்கள். அதிகாரிகள் வந்து முடித்த பிறகு அதை இறக்கி, வலப்பக்கம் இந்தியக் கொடியை ஏற்றுவது மரியாதை.

இன்னொன்று, நம்மவர்களுக்கே உள்ள சிக்கல். தோட்டத்துக் கிளாக்கர் எழுதிக் கொடுத்தபடி பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர் என்று பலருக்கு இருக்கிறது. விற்பனைப் பத்திரம், பதிவுச் சான்று, பயணிகள் பட்டியல் எல்லாவற்றிலும் பாஸ்போட்டில் உள்ள அதே எழுத்துகள் இருக்கட்டும். மச்சானின் பத்திரத்தில் பெயர் எப்படி இருக்கிறது, எந்த நாட்டுப் பதிவு என்று போட்டிருக்கிறது என்பதைப் பார்த்து எழுதுங்கள். அதை வைத்து அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்கிறேன்.