மகன் சிட்டி ஜெர்சி கேட்கிறான், நான் என்ன செய்ய?

கேள்வி: எனக்கு 37 வயது. 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தை, அப்பா எழுந்துவிடக் கூடாதே என்று டிவி சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்த இரவிலிருந்து நான் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன். இப்போது ஆட்டம் பார்ப்பதே தண்டனையாகிவிட்டது. 2024-25 சீசனில் 15-ஆம் இடம்! தோற்ற இரவு தூக்கம் வருவதில்லை. மறுநாள் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன். ஆபீஸில் லிவர்பூல் ரசிகரான நண்பர் மீம் அனுப்பியே கொல்கிறார். “எங்கேயோ இருக்கிற யாரோ தோத்ததுக்கு நாங்க ஏன் திட்டு வாங்கணும்?” என்று மனைவி கேட்கிறார். போதாததற்கு, ஒன்பது வயது மகன் பிறந்தநாளுக்கு மான்செஸ்டர் சிட்டி ஜெர்சி வேண்டும் என்கிறான். அவனை எப்படி மாற்றுவது? இல்லை, நானே இந்த கிளப்பை விட்டுவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்:

உங்கள் மனைவியின் கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை என்று தெரிகிறது. பதில் இருக்கிறது, சொல்லுங்கள். பதினொரு வயதுப் பையன் நள்ளிரவு தாண்டியும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். ஆறாவது நிமிடத்தில் பாஸ்லர் போட்ட கோலால் பயர்ன் மியூனிக் முன்னிலையில் இருக்கிறது. தொண்ணூறு நிமிடம் முடிந்தே விட்டது. பெக்காம் ஒரு கார்னர் எடுக்கிறார், ஷெரிங்கம் கோல் போடுகிறார். உடனே இன்னொரு கார்னர். சோல்ஷேர் காலை நீட்டுகிறார், கோப்பை கைமாறிவிடுகிறது. வாய்விட்டுக் கத்தவும் முடியாமல் இருட்டில் துள்ளிய அந்தப் பையனுக்கு அந்த அணி எப்படி ‘யாரோ’ ஆகும்? இதை மனைவியிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். ஆனால் திட்டு வாங்கியதைப் பற்றி அவர் கேட்டதும் நூற்றுக்கு நூறு சரி. அதற்கு மன்னிப்புதான் பதில். இரண்டையும் ஒரே நாளில் சொல்லிவிடுங்கள்.

இனி உங்கள் கோபத்துக்கு வருகிறேன். அதில் இரண்டு வேறு கோபங்கள் கலந்து கிடக்கின்றன. தோற்கிறோமே என்பது ஒன்று. நம் கிளப்பைச் சுரண்டுகிறார்களே என்பது இன்னொன்று. முதலாவதை நீங்கள் ஆறவிடத்தான் வேண்டும். இரண்டாவதை ஆறவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அது அத்தனை நியாயமானது.

தோல்வியை ஏன் ஆறவிடச் சொல்கிறேன் என்றால், நீங்கள் வந்து சேர்ந்தது இந்த கிளப்பின் உச்சக் காலத்தில். அதற்கு முன்பு நடந்ததை நீங்கள் பார்க்கவில்லை. 1968-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணி, ஆறே வருடத்தில், 1974-இல், இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளப்பட்டது. அந்த ஏப்ரலில் யுனைடெட்டின் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் நடந்த ஆட்டத்தில் எதிரணி மான்செஸ்டர் சிட்டி. அந்த எதிரணியில் டெனிஸ் லா, பதினொரு வருடம் யுனைடெட்டுக்காக ஆடி 237 கோல் போட்டவர், ஸ்ட்ரெட்ஃபோர்ட் எண்ட் ரசிகர்கள் ராஜா என்று கொண்டாடியவர். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில், கோலுக்கு முதுகைக் காட்டி நின்றபடியே குதிகாலால் பந்தைத் தட்டினார், உள்ளே போய்விட்டது. சிட்டி வீரர்கள் ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறார்கள், அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. மைதானத்தை விட்டு வெளியே போய்விட்டார். ரசிகர்கள் உள்ளே புகுந்ததால் ஆட்டமும் முழுதாக முடியவில்லை. அந்த கோல் விழாமல் இருந்திருந்தாலும் பர்மிங்ஹாம் வேறு இடத்தில் வென்றதால் யுனைடெட் கீழே போயிருக்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதற்கு அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். இரண்டாம் டிவிஷனில் ஆடிய அந்த வருடம், இங்கிலாந்திலேயே அதிகக் கூட்டம் வந்தது யுனைடெட் ஆட்டங்களுக்குத்தான்!

1967-இல் லீக் பட்டம் வென்ற பிறகு அடுத்த பட்டத்துக்கு 1993 வரை காத்திருந்தார்கள். ஃபெர்குசன் 1986 நவம்பரில் மேனேஜராக வந்தார். அவருடைய முதல் நான்கு சீசன்களில் யுனைடெட் பிடித்த இடங்கள் 11, 2, 11, 13. 1989 டிசம்பரில் அவரைப் போகச் சொல்லி மைதானத்திலேயே பேனர் பிடித்தார்கள். உங்கள் நண்பரின் லிவர்பூலும் 1990-க்கு அடுத்து 2020-இல்தான் லீக் பட்டம் வென்றது. முப்பது வருடம் அவர்கள் வாங்கிய கேலியில் பாதியாவது உங்கள் ஆட்கள் கொடுத்ததாகத்தான் இருக்கும். மீமுக்கு ஒரு சிரிப்பு எமோஜி போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

ஆனால் அந்தக் காலத்து வீழ்ச்சியும் இப்போதைய வீழ்ச்சியும் ஒன்றல்ல. இங்கேதான் உங்கள் பக்கம் நிற்கிறேன். 2005-இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் ஏறக்குறைய 79 கோடி பவுண்டு மதிப்பில் கிளப்பை வாங்கியது. அதில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனைக் கொண்டுவந்து, அதுவரை கடனில்லாமல் இருந்த கிளப்பின் தலையிலேயே கட்டினார்கள். ஒருவர் கடன் வாங்கி ஒரு வீட்டை வாங்கிவிட்டு, ‘வட்டியை நீங்களே கட்டுங்கள்’ என்று அதில் குடியிருப்பவர்களிடம் சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது. வட்டி, டிவிடெண்ட், கடன் செலவு என்று இதுவரை போனது நூறு கோடி பவுண்டுக்கும் மேல். வாங்கிய அதே வருடம் பெண்கள் அணியைக் கலைத்துவிட்டார்கள். 2018 வரை, அவ்வளவு பெரிய கிளப்புக்குப் பெண்கள் அணியே கிடையாது.

2005-க்கு அடுத்த எட்டு வருடம் ஃபெர்குசன் ஐந்து லீக் பட்டங்களை வென்றதால் இதெல்லாம் வெளியே தெரியவில்லை. 2013 கோடையில் அவரும், நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட டேவிட் கில்லும் சேர்ந்தே விலகினார்கள். கில்லின் இடத்துக்கு வந்த எட் உட்வர்ட் வங்கித் துறையிலிருந்து வந்தவர். கிளேசர்கள் கிளப்பை வாங்கியபோது அவர்களுக்கு ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர். அதிலிருந்து மேனேஜர்கள் மாறி மாறி வந்தார்கள். மோயஸ், வான் ஹால், மொரீனியோ, சோல்ஷேர், டென் ஹாக், அமோரிம் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பாணி. ஒருவர் கேட்டு வாங்கிய வீரர் அடுத்தவருக்குத் தேவைப்படவில்லை. பணம் செலவழிக்கவில்லை என்று சொல்ல முடியாது, கொட்டினார்கள். 2012-இல் சும்மா விட்ட போக்பாவை 2016-இல் 8.9 கோடி பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். ஆட்டம் தெரிந்த ஒருவரை ஃபுட்பால் டைரக்டர் என்று நியமிக்க 2021 ஆகிவிட்டது.

என்னை அதிகம் வருத்துவது ஸ்காட் மெக்டாமினேயின் கதை. ஐந்து வயதில், சிறுவர்களை வளர்த்தெடுக்கும் யுனைடெட் அகாடமிக்கு வந்த பையன். 2024-இல் நாப்போலிக்கு விற்றார்கள். அடுத்த மே மாதமே நாப்போலி இத்தாலிய சாம்பியன், அந்த லீக்கின் சிறந்த வீரர் மெக்டாமினே! ஏன் விற்றார்கள் என்று கேட்டால், கணக்குப் புத்தகம் காரணம். கிளப்புகள் இவ்வளவுக்கு மேல் நஷ்டம் காட்டக் கூடாது என்று பிரீமியர் லீக்கில் விதி உண்டு. வெளியிலிருந்து வாங்கிய வீரரை விற்றால், வாங்கிய விலையில் கணக்கில் மீதமிருப்பதைக் கழித்துத்தான் லாபம் எழுத வேண்டும். சொந்த அகாடமியில் வளர்ந்தவருக்கு வாங்கிய விலையே கிடையாதே, விற்ற தொகை முழுக்க லாபமாகிவிடும். ஆக, வீட்டுப் பிள்ளையை விற்பதுதான் கணக்கில் லாபம். வெளியாட்கள் மேல் கோடிகளை வீணாக்கியதற்கு அகாடமிப் பிள்ளைகள் விலை கொடுக்கிறார்கள். ஒரு ரசிகருக்கு இதைவிடக் கோபப்பட என்ன வேண்டும்?

2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் தொழிலதிபர் ஜிம் ராட்க்ளிஃப் கால்வாசிக்குச் சற்று அதிகமான பங்கை வாங்கி, ஆட்டம் சம்பந்தமான பொறுப்பை ஏற்றார். அந்த மே மாதம் ஆர்சனலிடம் தோற்ற அன்று பெய்த மழையில், ஓல்ட் டிராஃபோர்டின் கூரையிலிருந்து இருக்கைகள் மேல் தண்ணீர் அருவியாகக் கொட்டியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். புதியவர் செய்த சிக்கனத்தில் நூற்றுக்கணக்கான ஊழியர்களுக்கு வேலை போயிற்று. அடுத்த சீசன் நடுவிலேயே, உறுப்பினர்களுக்கு மிச்சமிருந்த டிக்கெட்டுகளுக்கு 66 பவுண்டு என்றும், சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் சலுகை இல்லை என்றும் அறிவித்தார்கள்.

அதனால் கோபப்படுங்கள். ஆனால் அது யார் மேல் என்பதில் தெளிவாக இருங்கள். பெனால்டியைத் தவறவிட்ட இருபத்து மூன்று வயதுப் பையனின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போய்த் திட்டுவது கோபமல்ல, கொடுமை. 2021 யூரோ இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்துக்காகப் பெனால்டியைத் தவறவிட்ட ராஷ்ஃபோர்டும் சாஞ்சோவும் சாகாவும் அதற்குப் பிறகு என்ன பாடுபட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

மான்செஸ்டர்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 2005-இல் ஒரு பகுதி ரசிகர்கள் வெளியேறி எஃப்சி யுனைடெட் என்று தங்களுக்கென ஒரு கிளப்பையே தொடங்கினார்கள். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டு. பத்து வருடத்தில் சொந்த மைதானமும் கட்டிவிட்டார்கள். 2010-இல் ஆயிரக்கணக்கானோர் சிவப்பைத் தவிர்த்துப் பச்சையும் பொன்னிறமும் கலந்த ஸ்கார்ஃப் அணிந்து வந்தார்கள். ரயில்வே தொழிலாளர்கள் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் இந்த அணியைத் தொடங்கிய காலத்து நிறம் அது. லிவர்பூல் ரசிகர்களும் சும்மா இருக்கவில்லை. 2016-இல் அங்கே 77 பவுண்டு டிக்கெட் என்று அறிவித்தபோது, 77-ஆவது நிமிடத்தில் சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். சில நாட்களில் முதலாளிகள் அந்தத் திட்டத்தை வாபஸ் வாங்கினார்கள்.

திருச்சியில் இருந்துகொண்டு எழுந்து நடக்க முடியாதுதான். ஆனால் ஆசியாவில் எங்களுக்கு இத்தனை கோடி ரசிகர்கள் என்று காட்டித்தான் இந்த கிளப் ஸ்பான்சர்களைப் பிடிக்கிறது. அந்தக் கணக்கில் நீங்களும் உண்டு. வருடத்துக்கு மூன்று புது ஜெர்சி விடுகிறார்கள், வாங்காதீர்கள். பழையது கிழியும் வரை போடுங்கள். யுனைடெட் ரசிகர்களின் டிரஸ்ட் ஒன்று இருக்கிறது, டிக்கெட் விலையிலிருந்து மைதானம் வரை நிர்வாகத்தோடு மல்லுக்கட்டுவது அவர்கள்தான். அவர்கள் எழுதுவதைப் படியுங்கள்.

வீட்டு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். மறுநாள் வேலை இருக்கும்போது இரவு ஒன்றரை மணி ஆட்டத்தைப் பார்க்காதீர்கள். காலையில் ஹைலைட்ஸ் போதும். பாதி எரிச்சல் தோல்வியால் வருவதல்ல, தூக்கம் கெட்டதால் வருவது. சனி, ஞாயிறு மாலையில் வரும் ஆட்டங்களை வசதியாகப் பாருங்கள். தோற்றால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் ஒரு நடை போய் வாருங்கள், போனை வீட்டிலேயே வைத்துவிட்டு.

அப்புறம் மகன். ஜெர்சியை வாங்கிக்கொடுங்கள், முகம் சுளிக்காமல். ஒன்பது வயதில் ஜெயிக்கிற அணி அவன் கண்ணில் பட்டிருக்கிறது. 1999-இல் உங்களுக்கு நடந்ததும் அதேதானே? அவனை மாற்றப் பார்க்காதீர்கள், அவனுடைய கிளப்பின் கதையை அவனுக்குச் சொல்லுங்கள். நீங்கள் துள்ளிய அந்த இரவுக்கு நான்கு நாள் கழித்து, 1999 மே 30 அன்று, சிட்டியும் ஒரு இறுதி ஆட்டம் ஆடியது. சாம்பியன்ஸ் லீக் அல்ல, மூன்றாம் நிலை லீக்கிலிருந்து மேலே ஏறுவதற்கான பிளே-ஆஃப். எதிரணி ஜில்லிங்ஹாம். தொண்ணூறாவது நிமிடம் வரை 0-2 என்று பின்தங்கி நின்றார்கள். ஹார்லாக் ஒன்று போட்டார், கூடுதல் நிமிடங்களில் டிக்காவ் இன்னொன்று. பெனால்டியில் வென்று மேலே வந்தார்கள். அபுதாபி முதலாளிகளின் பணம் வருவதற்கு ஒன்பது வருடம் முந்தைய சிட்டி அது. இதையெல்லாம் அறிந்து சிட்டி ரசிகனாக இருந்தால், நாளைக்கு அவர்கள் தோற்கத் தொடங்கும்போது அவன் உங்களை மாதிரி உடைந்துபோக மாட்டான்.

கடைசியாக, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு சீசன் ஓய்வு எடுங்கள், தப்பில்லை. இங்கே யாரும் வருகைப் பதிவு எடுப்பதில்லை. வேறு கிளப்புக்கு மாறுவது உங்களால் ஆகாது என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் முடிவெடுக்கும் முன் பரி (Bury) என்ற கிளப்பைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். மான்செஸ்டருக்குப் பக்கத்து ஊர், இரண்டு முறை எஃப்ஏ கோப்பை வென்ற கிளப். ஒரே ஒரு பவுண்டுக்கு அது முதலாளி கைமாறியது. கடன் பிரச்சினையைத் தீர்க்க முடியாமல், 2019 ஆகஸ்டில், 125 வருடம் ஆடிய லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது. தோற்பதற்குக்கூட அந்த ஊர்க்காரர்களுக்கு அடுத்த சனிக்கிழமை ஆட்டம் இல்லாமல் போயிற்று.

உங்களுக்கு இன்னும் ஆட்டம் இருக்கிறது. 1937 அக்டோபரிலிருந்து யுனைடெட்டின் ஒவ்வொரு ஆட்டத்து அணிப் பட்டியலிலும் சொந்த அகாடமியில் வளர்ந்த ஒருவராவது இருந்திருக்கிறார். நாலாயிரம் ஆட்டங்களைத் தாண்டியும் அது அறுபடவில்லை. லீக்கில் எட்டாம் இடம் பிடித்த 2024-இலும், அடுத்த வாரமே நடந்த எஃப்ஏ கோப்பை இறுதியில் சிட்டியை 2-1 என்று வென்றது யுனைடெட். கோல் போட்ட கர்னாச்சோ, மைனூ இருவருக்கும் அப்போது 19 வயது, இருவரும் அகாடமியின் இளைஞர் அணி வழியாக வந்தவர்கள். மைனூ பக்கத்து ஸ்டாக்போர்ட் பையன். இப்போது அகாடமியில் யார் யார் வளர்கிறார்கள் என்று பாருங்கள். 18 வயதுக்குட்பட்டோர் அணி ஆடும் ஆட்டங்கள் இணையத்தில் கிடைத்தால் மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பாருங்கள். சிட்டியின் அகாடமியும் நல்ல அகாடமி, அவனுக்கும் கைதட்ட ஆள் கிடைக்கும்.