பெயர் தெரியாத கடல் உயிரினப் படங்களை எப்படிப் பதிவாக்குவது?

கேள்வி: ஐந்து வருடங்களாக, கடல்நீர் வற்றும் நேரங்களில் கரைப்பாறைகளுக்குப் போய் நண்டு, நத்தை, நட்சத்திர மீன் என்று கண்ணில் படுவதையெல்லாம் போனில் படமெடுத்து வருகிறேன். சில நாட்கள் முகமூடி போட்டுக்கொண்டு நீருக்குள்ளும் போவேன். ஆயிரக்கணக்கில் படங்கள் சேர்ந்துவிட்டன. பாதிக்குமேல் பெயர் தெரியாது. பெயர்களைக் கண்டுபிடித்த பிறகுதான் பதிவேற்ற வேண்டுமா? ஆய்வாளர்களுக்கு இவை உதவுமா?

பதில்: பெயருக்காகக் காத்திருக்காதீர்கள். பெயரை இன்னொருவர் பத்து வருடம் கழித்துக்கூடப் படத்தைப் பார்த்துச் சொல்லலாம். எங்கே, எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்பதை உங்களைத் தவிர யாராலும் சொல்ல முடியாது. அதனால் முதலில் இடத்தையும் தேதியையும் காப்பாற்றுங்கள்.

பெயர் கிடைக்காதது உங்கள் குறையும் அல்ல. கடலில் ஏறத்தாழ 22 லட்சம் சிற்றினங்கள் இருக்கலாம், அவற்றில் 91 சதவீதம் இன்னும் அறிவியலில் விவரிக்கப்படவில்லை என்று 2011இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது.

போனில் எடுத்த மூலக் கோப்பைத் தனியாகச் சேமித்து வையுங்கள். தேதியும் இருப்பிடமும் அதற்குள்தான் இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பிய நகலில் அந்தத் தகவல் அழிந்துவிடும். படமும் சுருங்கிப்போகும். நீருக்கடியில் ஜிபிஎஸ் வேலை செய்யாது. ஆகவே இறங்குவதற்கு முன் கரையில் நின்று போனில் ஒரு படம் எடுங்கள், அந்த இடமே அன்றைய குறிப்பு. தனிக் கேமரா வைத்திருந்தால், போன் திரையில் தெரியும் மணியை அதால் ஒருமுறை படமெடுத்துவிடுங்கள். கேமரா கடிகாரம் எவ்வளவு பிசகியிருக்கிறது என்று பிறகு கணக்கிடலாம். பழைய படங்களுக்கு இடம் சரியாக நினைவில்லையா? வரைபடத்தில் புள்ளி வைத்து, அதைச் சுற்றி ‘இதற்குள் எங்கோதான்’ என்று காட்டும் பிழை வட்டத்தை 500 மீட்டர், 1 கிலோமீட்டர் என்று தாராளமாகப் போடுங்கள். துல்லியமாகத் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் தவறான புள்ளியைவிட நேர்மையான பெரிய வட்டம் எவ்வளவோ மேல்.

அடுத்தது கோணம். அழகான ஒரே படத்தைவிட, சுமாரான நான்கு படங்கள் அதிகம் உதவும். நண்டு என்றால் மேலோடு முழுவதும் தெரிய ஒன்று, கண்களுக்கு நடுவிலுள்ள விளிம்பு, இரண்டு கொடுக்குகள், முடிந்தால் அடிவயிறு. ஆணுக்கு அங்கே மடிந்திருக்கும் மடல் குறுகலாகவும் பெண்ணுக்கு அகலமாகவும் இருக்கும். நத்தை ஓட்டுக்கு முதுகுப் பக்கமும் வாய்ப் பக்கமும் தேவை. ஓடில்லாத வண்ணக் கடல் நத்தைகளுக்குத் தலையிலுள்ள உணர்கொம்புகளும் பின்னால் உள்ள செவுள்களும் தெளிவாக விழ வேண்டும். மீனுக்கு நேர் பக்கவாட்டுப் படம். சில விலங்குகளில் சரியான கோணம் கிடைத்தால் தனி ஆளையே அடையாளம் காணலாம். திமிங்கலச் சுறாவின் செவுளுக்குப் பின்னாலுள்ள புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் வேறு. அவற்றை ஒப்பிட, வானத்து நட்சத்திரப் படங்களை ஒப்பிட உருவாக்கிய கணக்கு முறையையே பயன்படுத்திக்கொண்டார்கள்! கூன்முதுகுத் திமிங்கலத்துக்கு வால் துடுப்பின் அடிப்பக்கம் அதே வேலையைச் செய்கிறது.

கோணத்துக்காக எதையும் துன்புறுத்த வேண்டாம். கல்லைப் புரட்டினால் மெதுவாகப் பழையபடியே வையுங்கள். அடியில் ஒட்டி வாழ்பவை வெயில் பட்டால் செத்துப்போகும். கூம்பு நத்தையும் நீலவளைய ஆக்டோபஸும் மனிதரைக் கொல்லும் அளவுக்கு விஷமுள்ளவை. தெரியாத எதையும் தொடாதீர்கள்.

சரி, எங்கே பதிவேற்றுவது? உயிரினப் படங்களைப் பதிந்து, பெயர் கண்டுபிடிக்க ஒருவருக்கொருவர் உதவும் இணையதளமான ஐநேச்சுரலிஸ்ட் எனக்குப் பிடித்த இடம். 2008இல் மாணவர் திட்டமாகத் தொடங்கியது. அங்கே கணினி ஒரு பெயரைப் பரிந்துரைக்கும். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது படத்தில் உள்ள சாயலைத்தான் அதிகம் பார்க்கிறது. உறுதியாகத் தெரிந்த மட்டத்தில் நிறுத்துங்கள். பேரினம் வரை, குடும்பம் வரை, ஏன், வெறும் ‘நண்டு’ என்றுகூடப் போடலாம். கடற்பஞ்சுகளில் பலவற்றை உள்ளே இருக்கும் நுண்முட்களை நுண்ணோக்கியில் பார்க்காமல் நிபுணராலும் சிற்றினம் சொல்ல முடியாது. சிற்றினப் பெயரை மற்றவர்களும் ஒப்புக்கொண்டால் பதிவு ஆய்வுத் தரம் பெறும். உரிமத்தையும் கவனியுங்கள். ‘எல்லா உரிமையும் எனக்கே’ என்று வைத்தால், ஆய்வாளர்கள் தரவு எடுக்கும் ஜிபிஐஎஃப் என்ற உலகத் தரவுத்தளத்துக்கு உங்கள் பதிவு போகாது. பெயர் காட்டி, வணிகமல்லாத பயன்பாட்டுக்கு அனுமதிக்கும் உரிமமே போதும்.

வேட்டைக்கோ கடத்தலுக்கோ இலக்காகும் உயிரினம் என்றால் இருப்பிடத்தை மறைத்து வெளியிடுங்கள். கூடு, முட்டை இருக்கும் இடம் என்றால் கட்டாயம். நிலத்தில் ஆந்தை, ஆமை, ஆர்க்கிட் எதைப் பதிந்தாலும் இதேதான்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அபூர்வமானதை மட்டும் தேடாதீர்கள். மாதம் ஒருமுறை அதே பாறைக்குப் போய், அதே அரை மணி நேரம், கண்ட எல்லாவற்றையும், சலிப்பூட்டும் அந்தச் சாதாரண நத்தை உட்படப் பதியுங்கள். எவ்வளவு நேரம் தேடினீர்கள், நீர் எவ்வளவு வற்றியிருந்தது, அடியில் பாறையா மணலா என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். தேடியும் எதுவும் கிடைக்காத நாளையும் நோட்டில் எழுதுங்கள். ஒரு உயிரினம் எப்போது குறையத் தொடங்கியது என்று பின்னால் கேட்பவருக்கு அந்த வரிகள்தான் தேவைப்படும்.

பழைய ஆயிரங்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். கடைசியாகப் போன நாளின் படங்களை இன்று ஏற்றுங்கள். இடம் இன்னும் நினைவில் இருக்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கிப் போங்கள்.